கேசட்டிலிருந்து கல்லூரிக்கு

கத்தோலிக்கத் திருச்சபையின் ஊடகப் பணியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கருவிகளின் வரலாற்றையே எழுதிவிடுகிறார்கள். அச்சகம் வந்தது, வார இதழ் வந்தது, வானொலி வந்தது, யூடியூப் வந்தது என்று அது நீளும். 1578இல் கொல்லத்தில் அண்ட்ரிக் அடிகளார் அச்சிட்ட 16 பக்க ‘தம்பிரான் வணக்கம்’ அந்த வரலாற்றின் முதல் வரி. இந்திய மொழி எழுத்தில் அச்சான முதல் நூல்களுள் ஒன்று என்ற பெருமை அதற்கு உண்டு. ஆனால் அடுத்த நூற்றாண்டு பிறந்ததும் அந்த அச்சு முயற்சி ஓய்ந்துபோயிற்று. வீரமாமுனிவரின் ‘தேம்பாவணி’யோ 3615 பாடல்களோடு நூறாண்டுக்கு மேல் ஏட்டுச்சுவடியாகவே கிடந்தது. அப்படிக் கிடந்தும் அது தமிழ் இலக்கியமாகிவிட்டது. கத்தோலிக்கர் அல்லாத புலவர்களும் அதைப் படித்தார்கள், பாடம் சொன்னார்கள். திருச்சிக்கு அருகில் குளத்தூரில் பிறந்த கத்தோலிக்கர் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளும் அவ்வாறே கச்சேரி மேடை ஏறின. சமய ஊடகம் ஒன்றின் வெற்றியை அது எத்தனை பேரை எட்டியது என்று அளப்பதைவிட, அதன் ஆக்கத்தை எவரெவர் தமதாக்கிக்கொண்டார்கள் என்று அளப்பதே சரி என்பது என் கருத்து.

இந்த அளவுகோலுக்குத் தமிழ்நாட்டில் மிகப் பொருத்தமான களம் திருச்சி மறைமாவட்டத்தின் கலைக்காவிரி. 1977இல் எஸ். எம். ஜார்ஜ் அடிகளார் தொடங்கிய இந்த மையத்தின் பின்னணியில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இருக்கிறது. 1963 டிசம்பர் 4 அன்று அச்சங்கம் திருவழிபாடு பற்றிய ஏட்டையும் சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய ஏட்டையும் ஒரே நாளில் வெளியிட்டது. மக்கள் மொழியில் வழிபடுங்கள் என்றது ஒன்று. ஊடகங்களைக் கையாளக் கற்றுக்கொள்ளுங்கள் என்றது மற்றொன்று. தமிழகத்தின் பல மையங்கள் இந்த இரண்டையும் சேர்த்துப் பாடல் கேசட்டில் வந்து நின்றன. கலைக்காவிரியும் கேசட் வெளியிட்டது. ஆனால் அதோடு நிற்காமல் பரதமும் இசையும் கற்பிக்கும் பள்ளியாகி, பின்னர் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தோடு இணைந்த நுண்கலைக் கல்லூரியாயிற்று. இந்தத் திருப்பத்தைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். கேசட் தன் செய்தியோடு முடிந்துபோகிறது. மிருதங்கம் கற்ற மாணவர் கோயில் கச்சேரிக்கும் போவார், திருப்பலிக்கும் வாசிப்பார், பள்ளிக்கூட ஆசிரியராகவும் ஆவார். அவர் என்ன வாசிக்க வேண்டும் என்று மறைமாவட்டம் கட்டளையிட முடியாது. அந்த முடியாமையே இந்த மையத்தின் பெருமை.

இதற்கு இரண்டு பக்கத்திலிருந்து மறுப்பு வருகிறது. பரதத்தில் இயேசுவை ஆடுவது பிறர் சொத்தை எடுத்துக்கொள்வது என்கிறது ஒரு தரப்பு. தேவதாசி மரபினரின் கையிலிருந்த ஆட்டம் 1930களில் சென்னை மேட்டுக்குடியின் கைக்கு மாறியதும், 1936இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்ராவைத் தொடங்கியதும் நாம் அறிந்தவையே. ஏற்கெனவே கைமாறிய கலையைக் குறித்து இன்று உரிமைப் பத்திரம் கேட்பது வேடிக்கை. மற்றத் தரப்பின் மறுப்பு கனமானது. தமிழகக் கத்தோலிக்கரில் பெரும்பான்மையினர் தலித்துகள். பண்பாட்டுமயமாதல் என்ற பெயரில் திருச்சபை பரதத்தையும் கர்நாடக இசையையும் மட்டும் தழுவி, பறையை வாசலிலேயே நிறுத்தியது ஏன் என்று அவர்கள் கேட்கிறார்கள். திருச்சி மறைமாவட்டப் பேராலயம் இருக்கும் அதே மேலப்புதூரில் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தைச் சாதிவாரியாகப் பிரித்த சுவரை நினைத்தால் இது வெறும் கலைரசனைப் பிரச்சினை இல்லை என்பது புரியும். இந்தக் கேள்விக்கு வலுவான பதில்கள் திருச்சிக்கு வெளியேதான் எழுந்தன. திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா தலித் பெண்களின் கையில் பறையைக் கொடுத்துச் சக்தி கலைக்குழுவை உருவாக்கினார். பாளையங்கோட்டை சவேரியார் கல்லூரியில் இயேசு சபையினர் நாட்டார் வழக்காற்றியலுக்கென்றே ஆய்வு மையம் அமைத்தனர். கலைக்காவிரியின் கணக்கில் இது ஒரு குறை என்றே எழுத வேண்டும். பட்டம் தருவதற்கு எளிதான கலைகளைப் பல்கலைக்கழகப் பாடத்திட்டம் விரும்பும் என்பது ஒரு விளக்கம். அதைச் சமாதானமாக ஏற்க முடியாது.

குறை என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு மணப்பாறை வட்டாரமே சான்று. ஆவூரிலும், மணப்பாறையை ஒட்டிய மலையடிப்பட்டி, பொத்தமேட்டுப்பட்டி போன்ற ஊர்களிலும் ஈஸ்டரை ஒட்டிப் பாஸ்கா நடக்கிறது. இயேசுவின் பாடுகளை ஊர்க்காரர்களே நடிக்கிறார்கள். செலவு ஊர் வரியிலும் நன்கொடையிலும் தீர்கிறது. பக்கத்து வீரப்பூரில், அண்ணன்மார் கதை எனப்படும் பொன்னர் சங்கர் கதையோடு கூடிய திருவிழா. இரண்டும் இரவு விழித்துப் பார்க்கிற கூட்டத்தை நம்பியவை. மாண்டவர் மீண்டெழும் கதையை இரண்டும் சொல்கின்றன. பாஸ்கா பார்க்கிறவர்களுக்கு அண்ணன்மார் கதை அந்நியம் இல்லை. எந்த ஊடக மையமும் திட்டமிட்டு உருவாக்க முடியாத ரசனைப் பழக்கம் இங்கே தயாராக இருக்கிறது. இதை ஒரு மையம் எப்படிக் கையாளலாம் என்பதற்கு யாழ்ப்பாணம் முன்னுதாரணம். நீ. மரியசேவியர் அடிகள் 1965இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் திருப்பாடுகளின் காட்சியைப் பெரிய அரங்காக வளர்த்தது, நாட்டுக்கூத்தை மேடையேற்றியது, ‘கலைமுகம்’ என்ற இதழையும் நடத்தியது. போர்க்காலத்திலும் அது சமய எல்லை தாண்டிய கலை இயக்கமாக நின்றது.

கைபேசி வைத்திருக்கும் எவரும் பாஸ்காவை நேரலை செய்யலாமே, பிறகு மையம் எதற்கு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. பரப்புவதற்கு இனி மையம் தேவையில்லை. தமிழ் நேயர்கள் கடிதம் எழுதிக் கேட்ட ரேடியோ வேரித்தாஸ் ஆசியாவே 2018இல் சிற்றலையை நிறுத்தி இணையத்துக்குப் போய்விட்டது. ஆனால் நேரலை ஒரு வருடத்து நடிப்பைத்தான் பிடிக்கிறது. வசனத்தை யார் எழுதினார், எந்தத் தலைமுறையில் எந்தக் காட்சி சேர்ந்தது, எந்த வேடம் எந்தக் குடும்பத்துக்கு உரியது, எந்தத் தெருக்காரருக்கு வேடமே கிடைக்கவில்லை என்பதெல்லாம் படத்தில் விழாது. அதற்கு ஊரில் தங்கிக் கேட்டெழுதுகிறவர் வேண்டும். சின்ன அளவில் பணி செய்தால் இது கைகூடும் என்பதற்கு திருச்சி ஹோலி கிராஸ் கல்லூரி 2006இல் தொடங்கிய சமுதாய வானொலி உதாரணம். நகரத்தின் குடிசைப் பகுதிகள் சிலவற்றையே இலக்காக வைத்துக்கொண்டு, அங்குள்ளவர்களின் குரலையே அது நிகழ்ச்சியாக்கியது. கலைக்காவிரியில் ஆட்டமும் தாளமும் தெரிந்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள். தாளம் தெரியாத ஆய்வாளர் பாஸ்காப் பாட்டை எழுத்தாக மட்டுமே பதிவார். இந்த ஆசிரியர்கள் மெட்டோடு பதியலாம். மணப்பாறைப் பக்கத்துப் பாஸ்கா வாத்தியார்களைக் கல்லூரிக்கு விருந்தினராக அழைத்துப் பாராட்டி அனுப்புவதற்குப் பதிலாக, ஒரு பருவம் முழுக்கப் பயிற்றுநராக உட்காரவைத்துப் பறையையும் பாஸ்காப் பாட்டையும் மதிப்பெண் உள்ள பாடமாக்க வேண்டும். அந்த மாற்றத்துக்குப் புதிய ஸ்டூடியோ தேவைப்படாது. பாடத்திட்டக் குழுவின் தீர்மானம் ஒன்று போதும்.