‘ஸ்பிரிற்’ என்னும் சொல்லும் தமிழ் ஆவியும்

ஆங்கிலம் பயில்வோர் நாள்தோறும் எதிர்கொள்ளும் சொற்களுள் ‘ஸ்பிரிற்’ ஒன்றாகும். காயம் துடைக்கும் திரவம், மதுவகை, பேய், மனவூக்கம், சட்டமொன்றின் உட்கருத்து, கிறித்தவத் திரித்துவத்தின் மூன்றாமவர் ஆகிய அனைத்துக்கும் அச்சொல் ஒன்றே நின்று உதவுகின்றது. மூச்சு எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து இவை யாவும் கிளைத்தன. வடித்தெடுக்கும்போது ஆவியாய்ப் பிரியும் சாரத்தை இரசவாதிகள் அப்பெயரால் வழங்கினர். மூச்சு மருந்துப் போத்தலுள் புகுந்த கதை அதுவே.

யாழ்ப்பாணத்தவர் இச்சொல்லை முதலிற் கேட்டது ஆங்கிலத்தின் வழியாக அன்று. போர்த்துக்கேயர் வழிவந்த கத்தோலிக்கம் ‘இஸ்பிரீத்து சாந்து’ என அதனை ஒலிபெயர்த்தே செபங்களில் நிறுத்திற்று. பிற சமயக் கருத்துக் கலந்துவிடுமோ என்னும் அச்சம் போலும். புரட்டஸ்தாந்தரோ ‘பரிசுத்த ஆவி’ என்றனர்; கத்தோலிக்கரும் பின்னர் ‘தூய ஆவி’ எனக் கொண்டனர். அச்சம் வீணானதன்று, ஏனெனில் உயிரும் மூச்சும் ஆவியின் பழம்பொருள்கள். நன்னூல் உயிரெழுத்தையே ஆவி என்கின்றது. அந்நூலுக்குக் காண்டிகையுரை வகுத்த ஆறுமுக நாவலரே பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்பிலும் உழைத்தவர் என்பது ஈண்டு நினையத்தக்கது. பிட்டு அவிவதும் ஆவியிலே. தடிமன் கண்டவர் பிடிப்பதும் ஆவியே.

இத்துணை விரிந்த இரு சொற்கள் எதிர்ப்படும்போது ஒன்று மற்றொன்றை முழுதும் மூடும் என எண்ணத் தோன்றும். தவறு அங்கேதான் நிகழ்கின்றது. மதுவின் பக்கம் ஆவி செல்லாது; இலங்கைத் தமிழில் வழங்கும் ‘மதுசாரம்’ இரசவாதியின் கருத்தைத் தற்செயலாகவேனும் செம்மையாகப் பிடித்துள்ளது. ‘சட்டத்தின் ஆவி’ என்றாலோ சட்டம் இறந்து பேயாய் உலாவுவதாகவே தமிழ்க்காது கொள்ளும்.

ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச்சொல் என்பது கலைச்சொற்றொகுதிகளின் நியதி. இரசாயனத்துக்கு அது இன்றியமையாதது. சமூக விஞ்ஞானத்தை அது கைவிடுகின்றது. நீதிமன்றத்தில் சட்டத்தின் எழுத்துக்கு மாறாக நிறுத்தப்படும் ‘ஸ்பிரிற்’ உட்கருத்தாகும். 1748இல் வெளிவந்த மொன்தெஸ்கியூவின் நூற்பெயரில், ஆங்கில ஆக்கத்தின்படி, நிற்பதும் அதே சொல்தான். எனினும் அவர் ஆராய்ந்தது சட்டங்களுக்கும் காலநிலை, வழக்காறு, வணிகம் முதலியவற்றுக்கும் உள்ள தொடர்பை. ஆகவே அங்கு ‘உட்கருத்து’ பொருந்தாது, ‘இயல்பு’ ஓரளவு பொருந்தும். முதலாளித்துவத்தின் ‘ஸ்பிரிற்’ பற்றி மக்ஸ் வெபர் எழுதியதோ மக்களின் மனப்பாங்கு குறித்ததாகும். மூன்றிடத்தும் ‘ஆவி’ என்றே அச்சிட்டுக் கொடுத்தால், தமிழ்வழி மட்டுமே கற்கும் மாணவருக்கு இம்மூன்றும் வெவ்வேறு என்பதை அறிய வேறு வழியில்லை.