கல் வணிகர் சங்கமும் கல் தூசியும்

கிரானைட் தொழிலில் ஈடுபட்டிருப்பவர்கள் தங்கள் வர்த்தகச் சங்கத்தில் அங்கத்தினராகச் சேர்வதனால் அடையக்கூடிய அனுகூலங்களை எடுத்துரைக்கும் பிரசுரங்களும், விழா மலர்க் கட்டுரைகளும், மேடைப் பேச்சுகளும் சமீப காலத்தில் பெருகி வருகின்றன. சங்கத்துக்கு வெளியே நிற்கும் குவாரிக்காரர் தம் நன்மையைத் தாமே அறியாதவர் என்பதும், ஒன்றுகூடிக் கேட்டாலன்றி அரசாங்கம் செவிசாய்க்காது என்பதும், சங்கத்தின் சின்னம் பொறித்த கடிதத்தாள் அயல்நாட்டு வியாபாரியின் நம்பிக்கையைச் சம்பாதித்துத் தரும் என்பதும் அவற்றில் திரும்பத் திரும்ப வரும் வாதங்கள். முதல் இரண்டையும் மறுக்க எனக்கு விருப்பமில்லை. மூன்றாவது வாதத்தைத்தான் ஒப்ப முடியவில்லை. அந்தச் சின்னம் எதற்குச் சாட்சி என்பதை யாரும் சொல்லக் காணோம்.

சங்கத்தால் பிரயோஜனம் உண்டு. 2017-இல் சரக்கு சேவை வரி வந்தபோது கிரானைட், சலவைக்கல் பலகைகளின்மேல் விதிக்கப்பட்ட 28 சதவீத வரி, அவ்வாண்டு நவம்பரிலேயே 18 சதவீதமாகக் குறைந்ததற்குக் கல் வியாபாரிகள் நாடெங்கும் ஒருமுகமாக எழுப்பிய முறையீடும் ஒரு காரணம். பெங்களூரில் கூடும் ஸ்டோனா கற்காட்சியில், கிருஷ்ணகிரியிலோ மேலூரிலோ ஒரேயொரு குவாரி வைத்திருப்பவரும் புதிய அறுவை இயந்திரங்களைத் தொட்டுப் பார்க்கவும், வெளிநாட்டு வியாபாரியோடு நேருக்கு நேர் விலை பேசவும் முடிகிறது. பணம் தராமல் இழுத்தடிப்பவர் யார், பிளாக்கை அளக்கும்போது எவ்வளவு கழிவு விடுவது நியாயம் என்பன போன்ற விஷயங்களும் சங்கத்துக்குப் போய்வருகிறவர் காதிலேதான் முதலில் விழுகின்றன. இவ்வளவையும் தயக்கமின்றி ஒப்புக்கொள்கிறேன்.

இனிக் குவாரியின் பள்ளத்துக்குள் இறங்கிப் பார்ப்போம். பாறையிலிருந்து பிளாக்கைப் பிரித்தெடுப்பதற்காக வரிசையாகத் துளை போடுகிறார்கள். கம்ப்ரசரிலிருந்து வரும் காற்று, துளை போடும் ஜாக்ஹாமரை இயக்குவதோடு, துளைக்குள் சேரும் கல்பொடியையும் மேலே ஊதித் தள்ளுகிறது. கருவியின்மேல் உடம்பின் பாரத்தைச் சாய்த்து நிற்க வேண்டியிருப்பதால் துளைப்பவரின் முகம் அந்தத் தூசிமண்டலத்துக்கு நேர்மேலே இருக்கிறது. தலைத்துண்டை மூக்கையும் வாயையும் சேர்த்து இறுக்கிக் கட்டியிருக்கிறார். இமையும் புருவமும் காதுமடலும் வெளுத்திருக்கின்றன. சாப்பாட்டு வேளையில் அந்தத் துண்டை அவிழ்த்தால், மூச்சு பட்ட இடத்தில் துணியின் உட்புறமும் வெளுத்திருக்கிறது.

கண்ணுக்குத் தெரியும் அந்த வெள்ளைப் பொடியைக் காட்டிலும், அதோடு கலந்து பறக்கும், கண்ணுக்குப் புலப்படாத நுண்துகளே கொடியது. குன்னம் கருப்பு போன்ற கருங்கற்களை வியாபாரத்தில் கிரானைட் என்று அழைத்தாலும், புவியியல் கணக்கில் அவை வேறு இனம். அவற்றில் குவார்ட்ஸ் என்னும் சிலிக்காக் கனிமம் குறைவு. உண்மையான கிரானைட்டிலோ ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் குவார்ட்ஸ் இருக்கும். அதன் நுண்துகள் நுரையீரலின் அடி ஆழம்வரை சென்று படிந்து, ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்கித் தழும்பு உண்டாக்குவதால் வரும் சிலிக்கோசிஸ் என்னும் வியாதிக்குப் பரிகாரம் கிடையாது. காசநோய் என்று எண்ணி மாதக்கணக்கில் மருந்து உட்கொண்டும் இருமல் நிற்காமல் ஊர் திரும்பும் தொழிலாளி, தமக்கு வந்தது எந்த நோய் என்று அறியாமலே மடிந்துபோவதும் உண்டு. 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டமும் அதன்கீழ் எழுந்த விதிகளும், இந்நோய் கண்டால் அறிவிக்க வேண்டும் என்றும், ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் தொழிலாளியை வைத்தியப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும் என்றும் விதித்தன. மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு வந்து, குவாரியின் பதிவேட்டில் பெயர்கூட ஏறாமல் வேலை செய்கிறவருக்கு அந்த விதியினால் ஆனது என்ன?

இதைச் சொன்னால் உடனே ஒரு சமாதானம் வருகிறது. தண்ணீர் பாய்ச்சித் துளையிட்டால் தூசி அடங்கும் என்பது தெரிந்ததுதான். ஆனால் நான் ஒருவன் மட்டும் அதற்குச் செலவு செய்தால் பக்கத்துக் குவாரிக்காரர் விலையைக் குறைத்து விற்று என் வியாபாரத்தைக் கொண்டுபோய்விடுவார் என்பது அந்தச் சமாதானம். இதுவே சங்கத்தின் அவசியத்தை வற்புறுத்தும் மிகப் பெரிய நியாயம் என்பதை, இதைச் சொல்கிறவர்கள் ஏனோ உணர்வதில்லை. ஒருவர் தனித்துச் செய்தால் நஷ்டமாகவும், எல்லோரும் சேர்ந்து செய்தால் ஒருவருக்கும் நஷ்டமில்லாததாகவும் இருக்கும் காரியங்களைச் செய்வதற்கல்லவா சங்கம் என்ற ஒன்று வேண்டும்? வரிக்கும், மின்கட்டணத்துக்கும், வெட்டும் கல்லுக்கு அரசாங்கம் வாங்கும் சீனியரேஜ் தொகைக்கும் ஒரே குரலில் பேசத் தெரிந்தவர்களுக்கு, தூசி என்றவுடன் மட்டும் ஒற்றுமை கைகூடாமல் போவதைச் சக்தியின்மை என்று நான் எண்ணவில்லை; மனமின்மை என்றே எண்ணுகிறேன். அமெரிக்காவின் இயற்கைக் கல் நிறுவனம் தன் அங்கத்தினருக்குச் சிலிக்கா தூசி பற்றிய பயிற்சிப் பாடங்களை வழங்கி வருவதால், இது வர்த்தகச் சங்கத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டது என்று சொல்லவும் வழியில்லை.

தண்ணீர்ப் பஞ்சத்தைக் காட்டுவோரும் இருக்கிறார்கள். அதே குவாரியில், இருபதடி தள்ளி, வைரமணி கோத்த கயிற்றால் பாறையை அறுக்கும் வயர் சா ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தக் கயிற்றின்மேல் ரப்பர்க் குழாய் வழியே தண்ணீர் இடைவிடாமல் விழுந்துகொண்டே இருக்கிறது. ஏனெனில் தண்ணீர் நின்றால் கயிறு சூடேறிக் கெட்டுவிடும், கயிற்றின் விலையோ உரிமையாளருக்கு நன்றாகத் தெரியும். கயிற்றுக்குக் கிடைக்கும் தண்ணீர் மனிதனின் நுரையீரலுக்குக் கிடைக்காததற்குக் கோடையைக் காரணம் காட்டுவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

உள்ளே இருப்பவர்கள் கேட்காததை வெளியே இருப்பவர்கள் கேட்கத் தொடங்கியதும் இதனாலேதான். நெதர்லாந்திலும் பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதியிலும் கல் இறக்குமதி செய்வோர், அரசாங்கங்களோடும் தொண்டு நிறுவனங்களோடும் தொழிலாளர் அமைப்புகளோடும் கூடி, 2019-இல் ட்ரூஸ்டோன் என்ற உடன்படிக்கை செய்துகொண்டு, தாங்கள் வாங்கும் கல் எந்தக் குவாரியில், எந்த நிலையில் வெட்டப்பட்டது என்று விசாரிக்கலானார்கள். சங்கத்தின் சின்னமே போதிய சாட்சியாக இருந்திருந்தால் அவர்களுக்கு இந்தச் சிரமம் எதற்கு? சந்தா கட்டினார் என்பதைத் தவிர வேறெதையும் அந்தச் சின்னம் சொல்லவில்லை என்பதை வாங்குகிறவர் கண்டுகொண்டார். விற்கிறவர் மட்டுமே இன்னும் அதைக் கடிதத்தாளில் அச்சிட்டுக்கொண்டிருக்கிறார்.

இது அரசாங்கத்தின் பொறுப்பு என்பது கடைசியாக வரும் வாதம். ராஜஸ்தான் அரசாங்கம் 2019-இல் இதற்கென்றே ஒரு கொள்கை வகுத்து, சிலிக்கோசிஸ் உறுதியானவருக்கு 3 லட்சம் ரூபாயும், அவர் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சமும் தருவதாக ஏற்றது. போற்றத்தக்க செயலே. ஆயினும் அந்தப் பணம் நுரையீரல் கெட்ட பிறகு வருகிறது. கெடாமல் காக்கக்கூடியவர் பள்ளத்தின் விளிம்பில் நின்று வேலை வாங்குகிறவர் ஒருவரே.

தமிழ்நாட்டு வணிகருக்கு இதற்கான வழியை வேற்றூரார் கற்பிக்க வேண்டியதில்லை. விருதுநகர் வியாபாரிகள் சரக்குக்கு இவ்வளவு என்று மகமை எடுத்து, அந்தப் பொதுப்பணத்தைக் கொண்டு 1889-இலேயே க்ஷத்திரிய வித்தியாசாலை என்ற பள்ளிக்கூடத்தை நிறுவினார்கள். எந்தச் சட்டமும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. வெட்டி எடுக்கும் ஒவ்வொரு கன மீட்டர் கல்லுக்கும் ஒரு சிறு தொகையை மகமையாக ஒதுக்கினால், துளைக்கு நீர்க்குழாய் அமைக்க இயலாத சிறு குவாரிக்காரருக்குக் கடன் கொடுக்கலாம். பதிவேட்டில் பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பள்ளத்தில் இறங்குகிற ஒவ்வொருவருக்கும் ஆண்டுதோறும் மார்பு எக்ஸ்ரே எடுக்கலாம். உலர்ந்த துளை போடுகிறவருக்கு அங்கத்துவம் இல்லை என்று விதி எழுதும் தகுதியும் அதன்பின் சங்கத்துக்கு வரும். இதை வசூலிக்கப் புதிதாக ஆள் வைக்க வேண்டியதுமில்லை. பிளாக்கை அளந்து நடைச்சீட்டு எழுதுகிற அந்த மேஜையிலேயே மகமையையும் எழுதிக்கொள்ளலாம்.