மொறட்டுவைப் பலகையும் மைசூர்ச் சில்லும்

ஓய்வு கிடைக்கும்போது மட்டும் மரவேலை செய்பவருக்கு மலிவான ஸ்க்ரோல் சா (வளைவுகளை அறுக்கும் ரம்ப இயந்திரம்) ஒன்றே போதும். எதை வாங்குவது என்று கேட்பவரிடம் நான் முதலில் விசாரிப்பது, அதில் எந்த மாதிரி வேலை செய்ய ஆசை என்பதைத்தான்.

தச்சுக்குப் பேர்போன மொறட்டுவையிலிருந்து காலி வரை, இலங்கைக் கரையோரத்துப் பழைய வீடுகளில் வாசற்கதவுக்கு மேலே காற்றும் வெளிச்சமும் வர ஒரு பூப்பலகை வைத்திருப்பார்கள். பலகையில் கொடியும் இலையும் ஊடறுத்து வெட்டியிருக்கும். தாழ்வாரத்து ஓரப் பலகைகளிலும் இதே கைவேலைதான். பலகை தடிமன், துவாரம் பெரிது, அண்ணாந்து பார்க்கிற உயரம். வளைவு கொஞ்சம் பிசகினாலும் அழகு கெடாது.

மைசூரின் ஈட்டிமரப் பதிப்பு வேலை நேர் எதிர். சாயம் பூசாமல், மரங்களின் சொந்த நிறத்தையே வைத்துப் படம் செய்கிறார்கள், மஞ்சளுக்குப் பலா. மெல்லிய தகட்டிலிருந்து ஒவ்வொரு சில்லையும் வில் போன்ற கைரம்பத்தால் அறுத்து, ஈட்டிப் பலகையில் அதே உருவத்தில் குழிவெட்டிப் பதிக்க வேண்டும். முடியிழை இடைவெளி விழுந்தாலும் கண்ணை உறுத்தும். சகாரன்பூர்க்காரர்கள் சீஷம் மரத்தில் வெட்டும் ஜாலி எனும் துளைப்பலகையிலோ சின்னச் சின்னத் துவாரங்கள்தான் அழகே.

இந்த வேறுபாடு இயந்திரத்தில் எங்கே வந்து நிற்கிறது? பிளேடைப் பிடிக்கும் கவ்வியில். விலை குறைந்த சில இயந்திரங்கள் இரு முனையிலும் குறுக்கே சிறு கம்பி (பின்) வைத்த பிளேடை மட்டுமே ஏற்கும். உள்வெட்டுக்கு முதலில் துளையிட்டு பிளேடை அதன் வழியே நுழைக்க வேண்டும். பின்னும் சேர்ந்து நுழைய ஐந்தாறு மில்லிமீட்டர் துளை தேவை. பூப்பலகைக்கு அது பொருட்டே இல்லை. மைசூர் இலைநரம்புக்கும் சகாரன்பூர் ஜாலிக்கும் உதவவே உதவாது. பின் இல்லாத பிளேடுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் துளையே தாராளம். ஆகவே இரண்டையும் கவ்வும் இயந்திரத்துக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் நட்டமில்லை. வேகத்தைக் கூட்டிக் குறைக்க முடிய வேண்டும் என்பது என் அடுத்த நிபந்தனை. மோட்டார் வாட் கணக்கில் நான் அவ்வளவாகத் தலையிடுவதில்லை.

16 அங்குல இயந்திரம் என்றால் பிளேடுக்கும் பின்தூணுக்கும் இடையே அவ்வளவு இடம் என்று பொருள். தாழ்வாரத்துக்கு ஆறடிப் பலகை அறுக்க நினைப்பவர் அதைத் திருப்பவே முடியாமல் தவிப்பார். அவருக்குக் கையில் பிடித்து ஓட்டும் ஜிக்சாதான் சரி.

இலங்கையில் ஜப்பானிலிருந்து வந்த பாவித்த கருவிகள் மலிவாகக் கிடைத்தால் ஆசை வரும். கட்டி வார்ப்பிரும்பு அடித்தளம் என்றால் அதிர்வு குறைவு, வாங்கலாம். ஆனால் ஜப்பான் மின்சாரம் 100 வோல்ட், நம்முடையது 230. மின்மாற்றி விலையையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். இந்தியாவில் ஆன்லைனில் புதிது வாங்குவோர் வேறொன்றைக் கவனிக்க வேண்டும்: இயந்திரம் வந்துவிடும், பிளேடு தொடர்ந்து கிடைக்குமா? பக்கத்து ஹார்ட்வேர் கடையை நம்ப முடியாது.

இதற்கு இரு நாட்டிலும் ஒரே வழி உண்டு, பலருக்குத் தோன்றாத வழி. பொற்கொல்லர்கள் தகடு அறுக்கும் பிளேடும் ஏறக்குறைய ஐந்து அங்குல நீளம்தான், பின் இல்லாதது. கொழும்பு செட்டியார் தெருவோ சென்னை சௌகார்பேட்டையோ, நகைத்தொழில் நடக்கும் இடத்தில் விசாரித்துப் பாருங்கள். மூன்று மில்லிமீட்டர் மரத்தகட்டை அது அருமையாக அறுக்கும். தடித்த பலகைக்குக் கூடாது. பல் நெருக்கமாக இருப்பதால் தூள் அடைத்துச் சூடேறி, மரம் கருகிவிடும். எந்த பிளேடானாலும் பல் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டி, விரலால் சுண்டுங்கள். கணீரென்று ஒலித்தால் முறுக்கு போதும். ஈட்டி, சீஷம் தூள் மூக்கையும் தோலையும் அரிக்கும். அறுக்கும் முன் முகமூடியைப் போட்டுக்கொள்ளுங்கள்.