மாலைக்கு ஒரு துரை

ஊட்டிக்கு 200 வயதான கொண்டாட்டத்தில், 2022 மே மாதம், அதன் நிறுவனர் எனப்படும் ஜான் சல்லிவனுக்குச் சிலை திறக்கப்பட்டது. குறை சொன்னால், "நல்ல துரைக்குத்தானே வைத்தோம்" என்று பதில் வருகிறது.

நல்ல துரைதான். கோவை கலெக்டராக இருந்து 1819-இல் மலையேறியவர். ஏரியும் கல் பங்களாவும் அவர் செய்தவை. நிலத்தில் தோடர்களுக்கு உள்ள உரிமைக்காகத் தம் அரசாங்கத்தோடேயே வாதாடினார். மனைவியையும் மகளையும் இந்த மலையிலேயே புதைத்தார். 1857-இல் வடக்கே கண்டவரையெல்லாம் தூக்கிலிட்ட பிரிட்டிஷ் படை அதிகாரி நீலோடு அவரைச் சேர்த்துப் பேசுவது அநியாயம்.

என் நெடுநாள் மறுப்பு வேறு. நாம் சிலையைப் பார்ப்பதற்கு வைப்பதில்லை, மாலை போட வைக்கிறோம். சென்னைத் தீவுத்திடலில் தாமஸ் மன்றோ 1839 முதல் குதிரைமேல் இருக்கிறார். அங்கவடி இல்லாத குதிரை என்ற கதை ஊருக்கே தெரியும். செய்தவர் பிரான்சிஸ் சாண்ட்ரி, அன்றைய இங்கிலாந்தின் முதல் வரிசைச் சிற்பி. அது எத்தனை பேருக்குத் தெரியும்? நீல் சிலையை அகற்றக் கோரி 1927-இல் மவுண்ட் ரோட்டில் சத்தியாக்கிரகம் நடந்தது. 1937-இல் ராஜாஜி அரசு அதை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அனுப்பியது. பிரிட்டிஷ் சிற்பத்தை இந்த மாநிலம் உருப்படியாகக் கையாண்டது அந்த ஒருமுறைதான். மாலையும் கல்வீச்சும் எட்டாத இடத்தில்தான், யார் செதுக்கினார், யார் பணம் கொடுத்தார், எதை மறைக்க நிறுத்தினார்கள் என்று நின்று கேட்க முடியும்.

ஊட்டியில் எல்லாம் தலைகீழ். நீலகிரியின் முதல் கமிஷனர் பிரீக்ஸ், 1870-களின் தொடக்கத்தில் இங்குள்ள பழங்காலக் கற்குவைகளைத் தோண்டினார். கலய மூடிகளின்மேல் எருமை, யானை, குதிரைமேல் ஆள் என்று சுடுமண் உருவங்கள் கிடைத்தன. அந்தத் தொகுப்பு இன்று சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீலகிரிக் கற்குவைகளின் வேறு சில பொருள்கள் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கே போய்விட்டன. தன் மலையின் மிகப் பழைய சிற்பத்தைப் பார்க்க, கோத்தகிரிப் பள்ளிக்கூடப் பிள்ளை மேட்டுப்பாளையம் இறங்கி இரவு ரயில் ஏறவேண்டும். துரையைப் பார்க்க ஊட்டி பஸ் போதும்.

இது வெறும் இடப் பிரச்சினையா? நிறுவனர் என்று ஒருவரைப் பீடத்தில் ஏற்றினாலே, அவருக்கு முன் இங்கே வெறுங்காடுதான் இருந்தது என்று ஆகிவிடுகிறது. தோடர், கோத்தர், படகர், குறும்பர், இருளர் எல்லாரும் துரை கண்டெடுத்த பொருள்களின் பட்டியலில் சேர்ந்துவிடுகிறார்கள். எவ்வளவு நல்ல கல்வெட்டு எழுதி ஒட்டினாலும் இதைச் சரிசெய்ய முடியாது. ஒற்றை ஆள் உயரத்தில் நிற்கும் வடிவமே அதைத்தான் பேசும். தோடருக்காக வாதாடிய சல்லிவனே இதற்கு இசைந்திருக்க மாட்டார்.

சிற்பத்துக்குச் செலவிட அரசிடம் பணம் இருந்தால், முதலில் பிரீக்ஸ் தோண்டிய எருமைகளை மலைக்குத் திருப்பிக் கொண்டுவரட்டும். அவற்றுக்கு ஒரு கூடம் கட்டி, அதே கூடத்தில் சல்லிவனையும், செய்த சிற்பியின் பெயரோடு, நிறுத்தலாம். அதுவரை இன்னொரு துரைக்குப் பீடம் கட்டுவது வீண்செலவு.