செங்கல்லில் காட்டிய மரியாதை

ஏழைகளுக்கு வீடு கட்டும்போது அழகுக்கு இடம் உண்டா? கிழக்கு லண்டனின் ஷோர்டிச் பகுதியில் நிற்கும் பவுண்டரி எஸ்டேட் அடுக்குமாடிக் குடியிருப்பு, 1890களிலேயே ‘உண்டு’ என்று விடை சொன்னது. அந்த விடை எவ்வளவு சரி, எங்கே குறைபட்டது என்று எடைபோடும் தேவை இன்னும் தீரவில்லை. அரசுச் செலவில் வீடு கட்டும் திட்டங்களில் முதலில் வெட்டப்படுவது இன்றும் அழகுக்கான செலவுதான்.

அந்த இடத்தில் முன்பு இருந்தது ‘ஓல்ட் நிக்கல்’ என்ற சேரி. காற்றும் வெளிச்சமும் புகாத சந்துகள், பாழடைந்த வீடுகள். அங்கே இறப்பு விகிதம் சுற்றுப்பகுதிகளைவிட ஏறத்தாழ இருமடங்கு. ஆர்தர் மாரிசன் 1896-ல் எழுதிய ‘எ சைல்டு ஆஃப் தி ஜாகோ’ நாவலின் களம் இதுவே. 1889-ல் உருவான லண்டன் கவுன்டி கவுன்சில், அடுத்த ஆண்டு வந்த தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டத்தின் துணையோடு சுமார் 15 ஏக்கரைக் கையகப்படுத்தி இடித்தது. 5,719 பேர் வெளியேற வேண்டியிருந்தது. புதிய குடியிருப்பை 1900 மார்ச்சில் வேல்ஸ் இளவரசர் திறந்துவைத்தார்.

வடிவமைத்தவர்கள் கவுன்சிலின் சம்பளத்தில் வேலை பார்த்த இளம் கட்டடக் கலைஞர்கள். தலைமை ஓவன் ஃப்ளெமிங். சார்லஸ் கானிங் வின்மில் போன்றோர் உடன் இருந்தனர். வில்லியம் மாரிஸ், ஃபிலிப் வெப் ஆகியோரின் கலை-கைவினை இயக்கம் இவர்களை ஆழமாகப் பாதித்திருந்தது. பொருளின் இயல்பை மறைக்காதே, கட்டுமான முறையிலிருந்தே அழகை எடு, மண்ணின் கட்டட மரபை மதி என்பவை அந்த இயக்கத்தின் அடிப்படைகள். ஆனால் அதற்குள் ஒரு தீராத முரண் இருந்தது. கைத்திறனுக்கு நேரம் வேண்டும். நேரத்துக்கு விலை உண்டு. அதனால் சோஷலிசம் பேசிய மாரிஸின் நிறுவனம் செய்த பொருள்களை வசதியுள்ளவர்களே பெரும்பாலும் வாங்க முடிந்தது. பவுண்டரி எஸ்டேட்டின் கலைஞர்கள் கைவேலைப் பொருள்களை விட்டுவிட்டுக் கொள்கைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, பொதுப்பணத்தில் சாதாரணச் செங்கல்லை வைத்து அவற்றைச் செயல்படுத்தினார்கள்.

முதலில் தெருவமைப்பு. நடுவே ஆர்னல்டு சர்க்கஸ் என்ற வட்டம். அதிலிருந்து ஏழு தெருக்கள் கதிர்களாகப் பிரிகின்றன. வட்டத்தின் நடுவில், இடித்த சேரியின் இடிபாடுகளைக் குவித்து எழுப்பிய மேடு தோட்டமாயிற்று. பிறகு அதன் உச்சியில் இசைமேடையும் வந்தது. தொழிலாளர்களுக்கு வீடு கட்டிவந்த பீபாடி அறக்கட்டளைக்காக ஹென்றி டார்பிஷையர் முன்பு கட்டியிருந்த குடியிருப்புகள் முற்றத்தைச் சுற்றி உள்நோக்கி நின்றன. பலரும் அவற்றைப் படைவீரர் குடியிருப்போடு ஒப்பிட்டார்கள். இங்கே கட்டடங்கள் மரங்கள் நட்ட அகலமான தெருக்களைப் பார்த்து நிற்கின்றன. தர்மத்தில் தங்கவைக்கப்பட்டவர் என்ற அடையாளம் வாடகைக்காரர் மேல் விழவில்லை. அவர் வேறெந்தத் தெருவாசியையும் போலத் தன் வாசலில் இறங்கி நடந்தார்.

அடுத்து சுவர். சிவப்புச் செங்கல்லுக்கு இடையிடையே வெளிர்நிறச் செங்கல் வரிகள் கிடையாக ஓடுகின்றன. மேலே செங்குத்தான முக்கோணச் சுவர்கள், ஓட்டுக் கூரையில் துருத்தும் ஜன்னல்கள், உயரமான புகைபோக்கிகள். சிறு கண்ணாடிச் சதுரங்கள் பொருத்திய, மேலும் கீழும் நகரும் ஜன்னல்களுக்கு வெள்ளை வர்ணம். மார்லோ, ஹென்லி, சன்பரி, டாப்லோ என்று தேம்ஸ் நதிக்கரை ஊர்களின் பெயரைத் தாங்கிய இந்தக் கட்டடங்கள் ஒன்றுபோல் ஒன்று இல்லை. செங்கல்லின் நிறம், ஜன்னல்களின் தாளம், முகப்புச் சுவரின் இடம் ஆகியவற்றை மாற்றியே ஒவ்வொன்றுக்கும் தனி முகம் கொடுத்திருக்கிறார்கள். ஆனாலும் எல்லாம் ஒரே குடும்பம் என்று பார்த்தவுடன் தெரிகிறது. மேலே ஒட்டவைத்த அலங்காரம் இங்கே மிகக் குறைவு. எப்படியும் எழுப்பியாக வேண்டிய சுவரை யோசித்து எழுப்பியதே இங்கே அழகு. இதுவே இந்தக் கட்டடங்களின் பெரிய சாதனை என்று நினைக்கிறேன்.

உள்ளே போனால் கணக்கு மாறுகிறது. மொத்த வீடுகள் 1,069. அவற்றில் 541 இரண்டு அறை வீடுகள். 400 மூன்று அறை வீடுகள். குளிக்க வீட்டுக்குள் வசதி இல்லை. பொதுச் சலவையகத்தோடு சேர்ந்த குளியலறைகளுக்குப் போகவேண்டும். சில குடும்பங்கள் கழிப்பறையைக்கூடப் பகிர்ந்துகொண்டன. முகப்பு ஒரு மாளிகையின் தன்னம்பிக்கையோடு தெருவைப் பார்க்க, அதன் பின்னால் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்தன. அந்தக் காலத் தொழிலாளர் குடியிருப்புகளோடு ஒப்பிட்டால் இது முன்னேற்றம்தான். ஆனால் கொள்கையோடு ஒப்பிட்டால் பாதி வழியில் நின்றுவிட்ட வேலை. வசிப்பவரின் அன்றாடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று நினைத்த ஓர் இயக்கம், இங்கே தெருவில் காட்டிய தாராளத்தை அடுக்களையில் காட்டவில்லை.

இதைவிடப் பெரிய குறை வாடகை. கட்டடம் போட்ட பணத்தைத் தானே ஈட்டவேண்டும், வரி செலுத்துவோர் மேல் சுமை விழக்கூடாது என்பது கவுன்சிலின் நிபந்தனை. அதனால் நிலையான சம்பளம் வாங்கிய கைவினைஞர்களும் எழுத்தர்களும் காவலர்களும் குடிவந்தார்கள். ஓல்ட் நிக்கலிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களில் திரும்பிவந்து குடியேறியவர்கள் 11 பேர்தான் என்று வரலாறுகள் குறிக்கின்றன. வீட்டையே பட்டறையாக வைத்துப் பிழைத்தவர்களுக்குப் புதிய ஒழுங்குகள் ஒத்துவரவில்லை; 77 பட்டறைகளைத் தனியே கட்டிக்கொடுத்தும், அவற்றுக்கும் வாடகை தரக்கூடியவர்களே வந்தார்கள். மற்றவர்கள் பக்கத்துப் பகுதிகளுக்குச் சிதறி, அங்கே ஏற்கெனவே இருந்த நெரிசலைக் கூட்டினார்கள்.

இந்த அநீதிக்கு அழகுதான் காரணமா? ஒரு பகுதி உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். கட்டடங்களுக்கு இடையே விட்ட இடைவெளி, அகலமான தெரு, நடுவில் தோட்டம் எல்லாம் நிலத்தைத் தின்றன. நிலத்துக்கு விலை உண்டு. ஆனால் ஒரு வரி வெளிர்நிறச் செங்கல்லோ, ஒரு முக்கோணச் சுவரோ யாரையும் வெளியே தள்ளிவிடவில்லை. தள்ளியவை மூன்று முடிவுகள்: வாடகையே செலவை மீட்கவேண்டும் என்றது, இழப்பீட்டின் பெரும்பகுதியைச் சேரியின் உரிமையாளர்களுக்குக் கொடுத்தது, மாற்று வீடு தயாராகும் முன்பே இடித்தது. மூன்றும் கவுன்சில் அறையில் எடுக்கப்பட்டவை. வரைபலகையில் எடுக்கப்பட்டவை அல்ல.

உறுதியாகக் கட்டியதன் பலன் தலைமுறைகளுக்கு நீடித்தது. யூதக் குடியேறிகளும், பிற்காலத்தில் வங்கதேசக் குடும்பங்களும் இங்கே வாழ்ந்தார்கள். காலப்போக்கில் உள்ளே குளியலறைகள் வந்தன. இன்று இது இரண்டாம் நிலைப் பாதுகாப்புப் பெற்ற மரபுக் கட்டடத் தொகுதி. அதே சமயம் பழைய குறையும் வேறு உருவில் திரும்பியிருக்கிறது. 1980-ல் வந்த சட்டம் கவுன்சில் வீடுகளை வாடகைக்காரர்கள் வாங்க வழிசெய்தது. அப்படி விற்கப்பட்ட வீடுகள் சந்தைக்குப் போய், தொழிலாளர்களுக்கு எட்டாத விலைக்குக் கைமாறுகின்றன. எல்லோருக்கும் என்று உருவாக்கிய தரமே இப்போது பணமுள்ளவர்களை ஈர்க்கிறது.

ஆகவே பவுண்டரி எஸ்டேட்டிலிருந்து ‘ஏழைகளுக்கு அழகு கட்டுப்படியாகாது’ என்ற பாடத்தை எடுப்பது தவறு. நல்ல கட்டடம் தன் வேலையைச் செய்தது. யார் அதில் வாழ உரிமை உள்ளவர், எந்த வாடகையில், எத்தனை காலத்துக்கு என்பதை எழுதிவைக்கும் பொறுப்பு கட்டவைத்தவர்களுடையது; அதை அவர்கள் செய்யவில்லை. ஒரு குடியிருப்பை இடித்து அடுக்குமாடி எழுப்பப் புறப்படும் எந்த அரசும், ஏற்கெனவே அங்கே இருப்பவர்களின் பெயர்ப் பட்டியலையும் அவர்களால் கொடுக்கக்கூடிய வாடகையையும் முதலில் முடிவுசெய்ய வேண்டும். அதன் பிறகு, கிடைக்கும் மிகச் சிறந்த கட்டடக் கலைஞரிடம் வேலையைக் கொடுக்க வேண்டும். இரண்டில் ஒன்றை மிச்சப்படுத்தி மற்றதைச் சாதிக்க முடியாது.