பாட்டியின் சொல்லும் பேத்தியின் ஏடும்

பரவைக் காய்கறிச் சந்தையில் பொழுது புலருமுன்னரே பெண்கள் கூடிவிடுகின்றனர். பாட்டி, மகள், பேத்தி என ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறையினரைக்கூட அங்கே அருகருகே காணலாம். இத்தகைய பெண்களோடு ஞாயிறு திருப்பலியில் நாமும் முழந்தாளிடுகிறோம். ஆயினும், அவர்கள் கடந்து வந்த வாழ்வை நாம் என்றேனும் கேட்டதுண்டா? இக்கேள்வியை என்னுள் எழுப்பிய நூல், பாமா எழுதிய 'சங்கதி'.

விருதுநகர் மாவட்டத்துப் புதுப்பட்டியில் 1958இல் பிறந்த பாமா, ஏழாண்டுக் காலம் துறவற சபையில் வாழ்ந்து, பின் வெளியேறியவர். 1992இல் வந்த 'கருக்கு' ஒருத்தியின் தன்வரலாறு. 1994இல் வந்த 'சங்கதி'யோ தலித் கிறிஸ்தவப் பெண்கள் பலரின் கூட்டு வரலாறு.

வெள்ளையம்மாக் கிழவியே இந்நாவலின் ஆணிவேர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்குச் சென்ற கணவன் திரும்பவேயில்லை. கூலி வேலை செய்து மக்களை வளர்த்தவள், ஊருக்கெல்லாம் பேறுகாலமும் பார்க்கிறாள். அவள் பேத்தியருள் ஒருத்தி, நிலக்கிழாரின் அத்துமீறலுக்குத் தப்பி ஓடிவந்தும், ஊர்க்கூட்டத்தில் தானே குற்றவாளியாகி அபராதம் கட்டுகிறாள். சிறுமி மைக்கண்ணி தீப்பெட்டித் தொழிற்சாலைக்குப் போகிறாள். தலைமுறை மாறினாலும் சுமை இறங்கவில்லை.

இலத்தீன் அமெரிக்கக் கத்தோலிக்க மண்ணிலும் இவ்வகை நாவல்கள் உண்டு. சிலி நாட்டுக் குடும்பப் பின்னணி கொண்ட இசபெல் அயேந்தே 1982இல் எழுதிய 'ஆவிகளின் இல்லம்' அவற்றுள் புகழ்பெற்றது. அதில் பேத்தி ஆல்பா, பாட்டி கிளாரா எழுதிவைத்த குறிப்பேடுகளைக் கொண்டே குடும்பக் கதையை மீட்டெடுக்கிறாள். வெள்ளையம்மாவுக்கோ ஏடுமில்லை, எழுத்துமில்லை. அவளிடம் இருந்தது சொல் ஒன்றே. ஆகவேதான் பாமா, அப்பெண்களின் பேச்சையும் வசவையும் குலவையையும் செப்பனிடாமல் அப்படியே தருகிறார். 'கொச்சை' என்று முகஞ்சுளிப்போர் ஒன்றை எண்ணிப்பார்க்கட்டும்: அச்சொற்களைத் திருத்தினால், அப்பாட்டி விட்டுச்சென்ற ஒரே சொத்தும் பறிபோகும்.

குறையும் இல்லாமலில்லை. நிகழ்ச்சிகள் சங்கிலியாய்ப் பிணையாமல் தனித்தனி மணிகளாய் நிற்கின்றன. ஆண்களுள் பலர் அடிக்கும் கையாக மட்டுமே தோன்றுகின்றனர். அந்தக் கையும் வயலில் அவமதிக்கப்பட்டுத் திரும்பிய கைதான் என்பதை ஆசிரியை அறிவார்; எனினும், அதைக் கதையாக விரித்துக் காட்டவில்லை.

நம்மை நேராகச் சுடும் பகுதி திருமணம் பற்றியது. வேற்றுச் சமயப் பெண்ணுக்குக் கொடுமைக்காரக் கணவனைவிட்டு விலக வழியிருக்க, கிறிஸ்தவப் பெண் மட்டும் கடவுள் இணைத்ததைப் பிரிக்கலாகாது என்ற சொல்லால் அடிபட்டுக் கிடக்கிறாள் என்று நூல் முறையிடுகிறது. திருமண அருளடையாளத்தின் பிணைப்பு முறிக்க இயலாததே. ஆனால், உடலுக்கோ உள்ளத்திற்கோ கடும் ஆபத்து விளைவிக்கும் துணையை விட்டுப் பிரிந்து வாழ 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1153ஆம் விதி இடமளிக்கிறது. சில வேளைகளில் பிரிவு அறநெறிப்படி தேவையாகவும் ஆகிறது என்று 2016இல் திருத்தந்தை பிரான்சிசும் எடுத்துரைத்தார்.

இதை எந்த வெள்ளையம்மாவுக்கு, எந்தப் பேத்திக்கு நாம் சொன்னோம்? சட்டம் ஏட்டில் இருந்தது. அடி முதுகில் விழுந்தது. இடையில் நின்று பேசியிருக்க வேண்டிய நாம் மௌனமாயிருந்தோம். 'சங்கதி' திருச்சபைமீது வீசப்பட்ட கல் என்பார் உண்டு. எனக்கோ அது, அறைக்குள்ளிருந்து நெடுநேரமாய்க் கதவைத் தட்டும் கையின் ஓசையாகவே கேட்கிறது. வாசித்துப் பாருங்கள், உங்கள் இல்லத்து மூதாட்டி ஒருவரின் அருகில் அமர்ந்து வாசித்தால் இன்னும் நன்று. நூலில் இல்லாத பக்கங்களையும் அவர் சொல்லக்கூடும்.