கோட்டில் நின்ற கடல்

ஆவடிக்காரனுக்குக் கடல் தூரம். எங்கள் ஊரின் பெரிய நீர்ப்பரப்பு பருத்திப்பட்டு ஏரி; ஊரின் நிறம் என்றால் தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் டாங்கியின் மங்கல் பச்சை. அதனாலோ என்னவோ, கடலோர ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள சோழமண்டலக் கலைஞர் கிராமத்துக்கு முதல்முறை போனபோது, சுவரெல்லாம் கடலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். படங்களில் இருந்தவை எழுத்துகள், பாம்புகள், கட்டங்கள், மாடுகள். கடலைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் பாத்திக் முதலான கைவேலைகளை விற்ற காசில் இந்த மணல்வெளியை வாங்கிக் குடியேறினார்கள். ஓவியத்தை மட்டும் நம்பிச் சோறு தின்ன முடியாத காலம். கடலழகுதான் அவர்களை இழுத்ததா என்றால், தெரியாது. ஆனாலும் வருடக்கணக்காகக் கரையில் கிடந்த கண்களை அந்த வெளிச்சம் சும்மா விட்டிருக்குமா?

விடவில்லை என்றே நினைக்கிறேன். பிரெஞ்சு ஓவியர் மோனே 1872இல் வரைந்த லெ ஹாவ்ர் துறைமுக விடியலில் பனிமூட்டம் நிறங்களைக் கரைத்துக் கலக்குகிறது. மத்தீஸும் தெரேனும் 1905இல் கொலியூர் கரையில் நிறத்தை அவிழ்த்தே விட்டார்கள். நம் கரையிலோ சூரியன் கடலிலிருந்து எழுகிறது. காலை ஆறரைக்குக் கடலைப் பார்த்து நின்றால் கட்டுமரமும் அதைத் தள்ளுகிறவரும் கறுப்புக் கோடுகள். பத்து மணிக்கு மேல் மணல், நீர், வானம் மூன்றும் வெளிறிப்போய் ஒன்றாகிவிடும். நிறம் தோற்கிற இடத்தில் மிஞ்சுவது கோடுதான். சென்னை ஓவியர்களின் பலம் கோடு என்பதற்கு நாட்டார் கலையையும் கோயில் சிற்பத்தையும் காரணம் காட்டுவார்கள். சரிதான், வெயிலையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பணிக்கரின் தொடக்ககால நீர்வண்ணங்களில் கேரளத்துத் தென்னையும் நீர்நிலையும் ஈரம் சொட்டும். 1963இல் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையிலோ ஜாதகக் கட்டமும் கணக்கும் வாசிக்க முடியாத எழுத்தும், மணலில் குச்சியால் கிறுக்கியதுபோல. வரிசை கிராமத்துக்கு மூன்று வருடம் மூத்தது என்று யாரும் மடக்கலாம். அப்போது பணிக்கர் இருந்த எழும்பூர் கலைப்பள்ளி முற்றத்திலும் அடித்தது அதே வெயில்தானே! பணிக்கரின் மாணவர் ராமானுஜம் மையைக் கொண்டே கனவு மாளிகைகளை நெருக்கி நெருக்கி எழுப்பினார்; 1973இல் இளவயதிலேயே போய்விட்டார்.

என் வாதத்துக்கு அடங்காதவர் ஓவியர் ஆதிமூலம். காந்தி நூற்றாண்டான 1969ஐ ஒட்டி வரைந்த காந்தி கோட்டோவியங்களால் பேர் வாங்கியவர், பிறகு தைல வண்ணத்துக்குத் தாவினார். கிட்டப் போய்ப் பார்த்தால் கத்தியால் இழுத்த தடித்த வண்ணப்பூச்சு. மேல்நிறம் கிழிந்த இடத்தில் அடிநிறம் எட்டிப் பார்க்கும். நிலமா, வானமா, நீரா என்று பிரிக்க முடியாது. அவர் நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்தவர் என்பதை அந்த நிறங்களுக்கு முன்னால் நிற்கும்போது மறக்க முடிவதில்லை.

அன்று கிராமத்தின் ஓவியக் கூடத்திலிருந்து கரைக்கு நடந்தேன். தென்னை நிழலில் ஃபைபர் படகு ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு ஒருவர் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். பளீர் நீலம், விளிம்பில் ஆரஞ்சுப் பட்டை. பட்டையை இழுத்துவிட்டு, நிழலை விட்டு வெளியே வந்து, பத்தடி தள்ளி நின்று, கண்ணை இடுக்கிப் பார்த்தார். திரும்பிப் போய் இன்னொரு பூச்சு கொடுத்தார்.